கடலோரப் பங்குப் பள்ளியின் வரலாற்றை அதன் காயத்தோடு எழுதுவது எப்படி?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், பங்குக் கோயிலை, அதாவது ஊரின் கத்தோலிக்கக் கோயிலை, ஒட்டிப் பள்ளியும் பள்ளியை ஒட்டி விடுதியும் அமைந்த ஊர்கள் உண்டு. அத்தகைய பள்ளி பொன்விழாவையோ நூற்றாண்டு விழாவையோ எட்டும்போது, முன்னாள் மாணவர்கள் கூடி ஒரு மலர் வெளியிடுவது வழக்கம். ஆயரின் (பிஷப்பின்) ஆசியுரை, தாளாளரின் வாழ்த்துரை, தலைமையாசிரியர்களின் பட்டியல், பழைய குழுப் படங்கள், ஐஸ் கம்பெனிகளும் வலைக் கடைகளும் கொடுத்த விளம்பரங்கள் என்று அது நிறைவுபெறும். அப்பள்ளியின் விடுதியில் பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தால், அதைப் பற்றிய ஒரு வரிகூட அதில் இருக்காது.

நான் படித்த பள்ளியின் மலர்க் குழுவில் நானும் இருந்தேன். விடுதிக் காப்பாளர் ஒருவர் மாணவர்களிடம் நடந்துகொண்ட முறையைப் பற்றி, பாதிக்கப்பட்ட இருவரின் ஒப்புதலோடு நாங்கள் எழுதிய ஒன்றரைப் பக்கம், அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் நீக்கப்பட்டது. "விழா நேரத்தில் இது எதற்கு?" என்பது மட்டுமே சொல்லப்பட்ட காரணம். அந்த நீக்கம் இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆயினும் அந்தப் பக்கத்தை எழுதிய விதத்தில் நாங்களும் பெரிய தவறு ஒன்றைச் செய்திருந்தோம் என்பதை, பின்னர் அதைப் படித்துக் காட்டியபோது அவ்விருவரில் ஒருவரே சுட்டிக் காட்டினார். பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதை நாங்கள் விரிவாக எழுதியிருந்தோம். தெரிந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி ஒரே வாக்கியம்தான் இருந்தது. இந்த வழிகாட்டி அவர் சொன்னதிலிருந்து பிறந்தது. பள்ளி மலரோ ஊர் வரலாறோ எழுதப்போகும் குழுவினருக்காக இதை எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

குறிப்பெடுக்கத் தொடங்கும் முன் குழு தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: குற்றம் சாட்டப்படுபவர் இன்றும் பிள்ளைகளோடு எங்கேனும் பணியில் இருக்கிறாரா, அல்லது இன்று விடுதியில் இருக்கும் பிள்ளை எவருக்கேனும் ஆபத்து உண்டா? ஆம் என்றால் வரலாற்று வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவு 6 மாதம் வரையிலும், நிறுவனத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு தெரிவிக்காதவருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பங்குத்தந்தையிடமோ ஊர்க் கூட்டத்திலோ சொல்லிவிட்டதால் இந்தக் கடமை தீர்ந்துவிடுவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஊர்களில் "முதலில் சாமியாரிடம் சொல்லிப் பார்ப்போம்" என்று தொடங்கிய பேச்சு அங்கேயே முடிந்துவிடுவதுதான்.

குழந்தைகள் உதவி எண் 1098ஐயோ அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தையோ அணுகலாம். பிள்ளை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவர், சீருடையில்லாமல் வந்து வாக்குமூலம் பெற வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கூடத்தில் பத்துப் பேர் சூழ நிற்கப் பிள்ளையை மீண்டும் மீண்டும் சொல்லவைப்பதே நம் ஊர்ப் பழக்கமாக இருப்பதால், இவ்விதிகளைக் குழுவினர் மட்டுமல்லாது பெற்றோரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

2012 நவம்பருக்கு முன் நடந்தவற்றுக்குப் போக்சோ பொருந்தாது. அன்று நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும். 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்பதால், "இவ்வளவு காலம் கழித்துச் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது" என்று யாரும் பாதிக்கப்பட்டவரிடம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வழக்குத் தொடுப்பதும் தொடுக்காததும் அவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு.

விடுதி ஏன் இருந்தது, மௌனம் எப்படி உருவானது

வரலாற்றின் முதல் அத்தியாயத்தை எல்லா மலர்களும் ஒரே மாதிரி தொடங்குகின்றன: 1549இல் வேதாளையில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அருளானந்தர், 1838இல் மீண்டும் வந்த இயேசு சபையினர். இவை உண்மை; எழுதத்தான் வேண்டும். ஆனால் மறைசாட்சிகளின் வரலாற்றிலிருந்து நேராகப் பள்ளிக் கட்டடத்துக்குத் தாவிவிட்டால், விடுதி என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பது வாசகருக்குப் புரியாமலே போகும். அது புரியாவிட்டால், விடுதியில் தீங்கு நடந்தபோது பெற்றோர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் புரியாது.

ஆகவே பிழைப்பிலிருந்து தொடங்குங்கள். தகப்பன் கடலில், தாய் மீன் கூடையோடு சந்தையில், அல்லது பாம்பன் பக்கத்துத் தீவுகளில் பாசி எடுக்கும் வேலையில், மீன்பாடு மாறும்போது குடும்பமே வேறு கரையில் தங்கல் போட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை தொடர்ந்து படிக்க வேண்டுமானால் போர்டிங்கே வழி. மூன்று வேளைச் சோறு, மாலைப் படிப்பு, செபம், அடிப்பதற்கு ஆள். இந்தக் கடைசிச் சொல்லை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைத்த காலம் அது. அடிப்பதற்கு வழங்கப்பட்ட அந்த உரிமையின் மறைவில்தான் மற்றதும் நடந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. அதற்கு முந்தைய விடுதி வாழ்க்கையை எழுதும்போது பிரம்பைப் பாசத்தின் அடையாளமாக எழுதும் பழக்கத்தைக் குழு கைவிட வேண்டும்.

அடுத்து அதிகாரத்தை எழுத வேண்டும். பங்குத்தந்தையே பள்ளியின் தாளாளராக இருக்கும் ஊரில் அவர் கையில் சேர்பவை என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குச் சேர்க்கை, ஆசிரியருக்கு நியமனம், மகளின் திருமணத்துக்கு வேண்டிய ஞானஸ்நானச் சான்று, கல்லூரிக்கோ, குருக்களாகப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்கோ செல்லப் பரிந்துரைக் கடிதம், கரையில் வலைத் தகராறு வந்தால் சமரசம், இறந்தவருக்கு அடக்கப் பூசை. இத்தனையும் ஒருவரிடமே இருக்கும்போது, அவருக்குக் கீழே பணிபுரியும் பிரதர்மீதோ வார்டன்மீதோ புகார் சொல்வது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும்? பெற்றோரைக் கோழைகள் என்று எழுதுவது அநியாயம். அவர்கள் எதை இழக்க நேர்ந்திருக்கும் என்பதை வரிசையாக எழுதினாலே போதும்.

இளங்குருமடத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் தேவ அழைத்தல் முகாம்களையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். "எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாமியார்" என்பது ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய பெருமைகளில் முதன்மையானது. அந்தப் பெருமைக்காகச் சேர்க்கப்பட்ட பையன் திடீரென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால் "அவனுக்கு அழைத்தல் இல்லை" என்றே ஊர் சொல்லும். திரும்பி வந்த சிலருக்குச் சொல்ல வேறு காரணம் இருந்திருக்கலாம்.

ஆவணங்களைத் தேடும் முறை

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை, ஆசிரியர் வருகைப் பதிவேடு, கல்வித்துறை ஆய்வு அறிக்கைகள், விடுதியின் வரவு செலவுப் புத்தகம், பங்கின் ஞாயிறு அறிவிப்பு நோட்டு, ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் செய்தி மடல்களில் வரும் குருக்கள் மாற்றல் பட்டியல் ஆகியவற்றைத் தேடுங்கள். அனுமதி கிடைத்ததும் நகல் கேட்டு அலையாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எடுத்த நாளையும் இடத்தையும் உடனே எழுதி வையுங்கள். உப்புக் காற்றும் கரையானும் காகிதத்தைத் தின்கின்றன. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியில் ஓர் ஊரையே கொண்டுபோனது. அதைப் போன்ற இடங்களில் எழுத்து ஆவணத்தை எதிர்பார்க்க முடியாது.

எந்த ஆண்டுக்கு எங்கே போவது என்பதில் குழப்பம் வரும். இராமநாதபுரமும் சிவகங்கையும் சேர்ந்த சிவகங்கை மறைமாவட்டம் 1987இல்தான் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. மதுரையே 1938இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் இப்பகுதிப் பங்குகள் சில மயிலைப் போர்த்துக்கீசிய மறைமாவட்டத்தின்கீழும், வேறு சில இயேசு சபையினரிடமும் இருந்தன. ஆகவே பழைய பதிவேடுகள் இலத்தீன், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் இருக்கக்கூடும். இயேசு சபையினரின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ளது. அரசுத் தரப்பில், பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல்தான் மூன்றாகப் பிரிந்தது. அதன் தலைமை அலுவலகங்கள் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கின. உதவி பெறும் பள்ளியாக இருந்தால் ஆய்வு அறிக்கைகளையும் பணியாளர் தொடர்பான ஆணைகளையும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

திருச்சபையின் உள் ஆவணங்களைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆயரில்லம் ஒவ்வொன்றிலும் இரகசியக் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒழுக்கம் தொடர்பான குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டாலோ, தண்டனைத் தீர்ப்பு வந்து 10 ஆண்டுகள் கடந்தாலோ, அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும் என்று 489ஆம் சட்டம் சொல்கிறது. ஆனால் நடந்தவற்றின் சுருக்கத்தையும் இறுதித் தீர்ப்பின் வாசகத்தையும் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. எனவே, வழக்கு நடந்து தீர்ப்பு வந்திருந்தால், "கோப்பு இல்லை" என்று பதில் வரும்போது "சுருக்கமும் தீர்ப்பும் எங்கே?" என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. இத்தகைய வழக்குகளைப் போப்பின் இரகசியம் என்ற உச்சநிலை மறைப்பிலிருந்து போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 17 அன்று விடுவித்ததையும் கடிதத்தில் குறிப்பிடலாம்.

ஆவணம் தானாக மறைவதும் உண்டு, மறைக்கப்படுவதும் உண்டு. இங்கிலாந்தில் பெனடிக்டின் துறவியர் நடத்திய ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைடு என்னும் இரு புகழ்பெற்ற கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி, அந்நாட்டின் சுதந்திர விசாரணைக் குழு 2018இல் அறிக்கை வெளியிட்டது. பல பத்தாண்டுகளாக அங்கு நடந்த வன்முறையை விவரிக்கும் அவ்வறிக்கையில் ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை: 2012இல் டவுன்சைடில் பொறுப்பிலிருந்த துறவி ஒருவர் பணியாளர் கோப்புகளைத் தள்ளுவண்டியில் பலமுறை ஏற்றிச் சென்று, வளாகத்தின் ஓரத்தில் வைத்து எரித்தார். நீங்கள் எடுக்கும் படங்களின் இன்னொரு பிரதி வேறோர் ஊரில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கல்வியாண்டின் நடுவில் நிகழ்ந்த மாற்றல், ஒரே வகுப்பிலிருந்து அடுத்தடுத்து வாங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழ்கள், குழுப் படத்தில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டுப் பட்டியலில் காணாமல் போகும் பெயர் ஆகியவை கவனிக்க வேண்டிய இடங்கள். அவை கேள்விகள் மட்டுமே. நோய், மேற்படிப்பு, குடும்பச் சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் இருக்கலாம். மாற்றலை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம்.

கேட்கும் முறை

பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போகாதீர்கள். குழு இவ்விஷயத்தையும் எழுதப்போகிறது என்பதை முன்னாள் மாணவர்களுக்கு அனுப்பும் பொது அழைப்பில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிட்டு, யாரிடம் பேசலாம் என்று ஓர் ஆணின் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் கொடுத்துக் காத்திருங்கள். பெர்லினில் இயேசு சபையினர் நடத்தும் கனிசியுஸ் பள்ளியில் நடந்தது இதுவே. அதன் அதிபராக இருந்த கிளாவுஸ் மெர்ட்டெஸ் என்னும் குரு, முன்னாள் மாணவர்கள் சிலர் தம்மிடம் சொன்னதைக் கேட்டபின், 1970களிலும் 80களிலும் படித்த சுமார் 600 பேருக்கு 2010 ஜனவரியில் கடிதம் எழுதினார். நடந்ததை ஒப்புக்கொண்டு, பேச விரும்புபவர் பேசலாம் என்று சொன்ன கடிதம் அது. சில வாரங்களில் ஜெர்மனியின் பல பள்ளிகளிலிருந்து மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு பள்ளியின் தலைவரே முதலில் வாய் திறந்தபோது நிகழ்ந்தது இது என்பதால், நம் தாளாளர்களிடம் இந்நிகழ்வை எடுத்துச் சொல்வது பயன்தரும்.

பேச வருபவரிடம், கேட்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் சொல்லப்போவது 2012 நவம்பர் 14க்குப் பின் நடந்ததாக இருந்தால், அதைக் காவல்துறையிடம் தெரிவிக்கும் கடமை சட்டப்படி எனக்கு உண்டு. இதைச் சொல்லாமல் கேட்டுவிட்டுப் பின்னர் தெரிவித்தால் அவருக்கு அது இரண்டாம் துரோகமாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆண்கள் ஊரில் இருப்பார்கள். பேசுவதற்கு நேரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வருமானமில்லாத அந்நாட்களில் மனமும் கலங்கியிருக்கும், வீடும் நிறைந்திருக்கும். கடற்கரையில், படகு நிழலில், நாலு பேர் வலை பின்னிக்கொண்டிருக்கும் இடத்தில் இதைப் பேச முடியாது. உறவினர் வீடோ வெளியூரோ அவரே சொல்லட்டும். ஆண்கள் இதைப் பற்றிப் பேசுவது மிக அரிது. பேசினாலும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "அந்த வார்டன் சரியில்லை", "தொந்தரவு குடுப்பாரு", "அவரு ரூமுக்குக் காலு அமுக்கக் கூப்பிடுவாரு" என்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் கேட்காதீர்கள். உங்கள் வரலாற்றுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: அப்போது யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அதன்பின் விடுதியில் ஏதேனும் மாறியதா, வீட்டில் யாருக்குத் தெரியும், இன்று பள்ளியிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?

ஒப்புதலை மூன்று முறை பெறுங்கள். கேட்கும்போது ஒருமுறை, எழுதியதை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது ஒருமுறை, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை. எந்த நிலையிலும் அவர் வேண்டாம் என்றால் நீக்கிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. பேசிய இரவில் பலருக்கு உறக்கம் வராது. மறுநாள் நீங்களே அழைத்து விசாரியுங்கள். டெலி மனஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எழுதும்போது

போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம் ஆகியவற்றோடு பள்ளியையும் வசிக்கும் பகுதியையும்கூட எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடுக்கிறது. மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பள்ளியின் பெயரை அட்டையில் தாங்கி வரும் மலருக்கு இதன் பொருள் கடுமையானது. போக்சோ வழக்கு ஒன்று உங்கள் பள்ளியில் நிகழ்ந்திருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் அந்நிகழ்வைப் பற்றி ஒரு சொல்லும் அச்சிடக் கூடாது. அதன்பின் பள்ளி என்னென்ன பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தது, எவற்றைச் செய்யவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய நிகழ்வுகளில், இன்று பெரியவராகிவிட்டவர் தம் ஒப்புதலை எழுத்தில் தந்தால் மட்டுமே மேலே செல்லலாம்.

கடற்கரை ஊர்களில் பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பட்டப்பெயர், படகின் பெயர், தகப்பன் எந்தப் புயலில் இறந்தார், அக்காள்மார் எத்தனை பேர் என்பவற்றில் ஒன்று போதும், ஊருக்கே தெரிந்துவிடும். நாங்கள் ஒருவரின் தந்தை பார்த்த தொழிலை மட்டும் எழுதியிருந்தோம். அந்த ஆண்டு விடுதியில் அத்தொழில் பார்த்தவரின் மகன் ஒருவன்தான் இருந்தான். விவரத்தை மாற்றி எழுதாதீர்கள், அது வரலாற்றைப் பொய்யாக்கும், வேறொருவர்மேல் சந்தேகத்தையும் திருப்பும். விட்டுவிடுங்கள்.

மொழியில் விழிப்பு வேண்டும். மலர்களில் வழக்கமாகக் காணும் நடையில் எழுதினால் இப்படி வரும்: "அக்காலத்தில் விடுதியில் ஏற்பட்ட சில விரும்பத்தகாத சம்பவங்களால் பள்ளிக்குச் சோதனை நேர்ந்தது, இறையருளால் அதனைக் கடந்தோம்." இவ்வாக்கியத்தில் செய்தவர் இல்லை, பாதிக்கப்பட்டவர் இல்லை, பள்ளியே பாதிக்கப்பட்டதாக ஆகிவிடுகிறது, இறைவனையும் இழுத்துச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறோம். அதையே இவ்வாறு எழுதலாம்: "விடுதிக் காப்பாளர் தங்கள் பிள்ளைகளிடம் பாலியல் வன்முறையில் ஈடுபட்டதாகப் பெற்றோர் சிலர் டிசம்பர் மாதம் தாளாளரிடம் நேரில் முறையிட்டனர். காவல்துறைக்குத் தகவல் தரப்படவில்லை. பிப்ரவரியில் காப்பாளர் வேறொரு விடுதிக்கு மாற்றப்பட்டார். அங்குள்ள பெற்றோருக்குக் காரணம் தெரிவிக்கப்படவில்லை. முறையிட்டவர்களிடம் பள்ளி இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை." ஐந்து வாக்கியங்களும் நிறுவனத்தின் நடத்தையைப் பற்றியவை; பிள்ளையின் உடலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையில் ஆவணமோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவரின் வாக்குமூலமோ இருக்க வேண்டும். "இரு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் பெற்று வெளியேறினர்" என்ற ஆறாவது வாக்கியத்தையும் எழுதத் தோன்றும். அந்த ஆண்டு வெளியேறியவர்கள் அவ்விருவர் மட்டுமே என்றால் அதை எழுதக் கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர், கைது செய்யப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர் ஆகிய நான்கும் வேறு வேறு; கலக்கக் கூடாது. மேல்முறையீட்டின் முடிவையும் சேர்த்து எழுத வேண்டும். சிறுமி ஒருவரைப் பாலியல் வன்புணர்வு செய்ததாகத் தொடரப்பட்ட கேரளத்தின் கொட்டியூர் வழக்கில் பங்குத்தந்தையாகவும் பள்ளி மேலாளராகவும் இருந்தவருக்கு 2019இல் தலச்சேரி நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2021இல் உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை. தீர்ப்பில்லாத நிலையில் ஒருவரின் பெயரை அச்சிட்டால் அவதூறு வழக்கு வரலாம். பொதுநன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை விதிவிலக்குத்தான் என்றாலும், அதை மெய்ப்பிக்கும் சுமை உங்களுடையதாகிவிடும். பெயரின்றியும் வலுவாக எழுத முடியும். அயர்லாந்தில் பள்ளிகளை நடத்திய கிறிஸ்தவ சகோதரர்கள் என்னும் துறவு சபையினர் நீதிமன்றம் வரை சென்று தம் உறுப்பினர் பெயர்கள் வராதபடி பார்த்துக்கொண்டனர். ஆயினும் 2009 மே மாதம் 5 தொகுதிகளாக வெளிவந்த, அந்நாட்டு நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த வன்முறையை ஆராய்ந்த ரயன் அறிக்கை, ஆர்டேன், லெட்டர்ஃப்ராக் ஆகிய பள்ளிகளை அவற்றின் பெயரிலேயே விவரித்து, யார் எப்போது எதை அறிந்திருந்தார்கள் என்பதை அடுக்கிக் காட்டியது.

நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு பத்தி அவசியம். 1902இல் இலண்டனின் ஈலிங் பகுதியில் தொடங்கப்பட்ட புனித பெனடிக்ட் பள்ளியில் நடந்த வன்முறைகளை ஆராய்ந்த கார்லைல் பிரபு, 2011இல் தந்த அறிக்கையில், பள்ளியின் ஆளுகையைத் துறவு மடத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். நம் பள்ளிகளில் தாளாளரும் பங்குத்தந்தையும் ஒருவரே என்றால், விடுதிப் பிள்ளை புகார் சொல்ல அவரல்லாத இன்னொருவர் இருக்கிறாரா என்பதை விசாரித்து, இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் எழுதுங்கள். விடுதிகள் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருவதால், பதிவு, உரிம விவரங்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

வெளியிடும்போது

எழுதி முடித்ததும் தாளாளருக்கும் ஆயரில்லத்துக்கும் அந்தப் பகுதியின் பிரதியை அனுப்பி, பதில் தர மூன்று வாரம் கொடுங்கள். வரும் பதிலை வெட்டாமல் அச்சிடுங்கள். 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் வெளியிட்டு, 2023இல் நிலையானதாக ஆக்கிய விதிகள், புகார்களைப் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஏற்பாட்டை அணுகும் வழியைக் கேட்டு வாங்கி, காவல்துறை எண்களுக்குக் கீழே அச்சிடுங்கள்.

குழுவில் எதிர்ப்பு வரும். "எத்தனை நல்ல சிஸ்டர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர் கெட்டுவிடுமே" என்பார்கள். அந்த சிஸ்டர்களையும் முழுமையாக எழுதுங்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இரவெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவரின் பக்கமும் இதே மலரில் வரட்டும். இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தவை. காயத்தைப் பற்றிய பகுதியைக் கடைசியில், விளம்பரங்களுக்கு நடுவே ஒளிக்காமல், அது நடந்த ஆண்டின் வரிசையிலேயே வையுங்கள். குழு இறுதிவரை மறுத்தால், மலரிலிருந்து உங்கள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தனிச் சிறு நூலாக வெளியிடலாம்.

கொடியேற்றத்தன்றோ தேர்ப் பவனியன்றோ வெளியிட வேண்டாம். பாதிக்கப்பட்டவர் அன்று கூட்டத்தின் நடுவே நிற்க நேரிடும். முதல் பிரதியை இரண்டு வாரம் முன்னதாகவே அவர் கையில், அவர் சொல்லும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். ஊரில் யார் என்ன கேட்பார்கள், அப்போது உடன் இருக்கப்போவது யார் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வெளியான பிறகு, இதுவரை பேசாத வேறு சிலர் வருவார்கள். பொது அழைப்பில் கொடுத்த அந்த இருவரின் தொலைபேசி எண்கள் குறைந்தது ஓராண்டுக்காவது மாறாமல் இயங்க வேண்டும்; இரவு பத்து மணிக்கு மேல் வரும் அழைப்பையும் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.